சோலாருக்குப் பட்ட கண்

உறுவையாறு,
தை 12, திங்கள்.

அன்புள்ள மச்சான் அரிகரனுக்கு, உன் மாமா சாமிநாதன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நான், உன் அக்கா ஆண்டாள், மகள் பிரியதர்ஷினி மூவரும் நலம். மாடியிலிருக்கும் சோலார் மட்டும் நலமில்லை. திருக்கனூரில் நீயும் கல்பனாவும் சௌக்கியம்தானே?

விஷயத்துக்கு வருகிறேன். நீ கொண்டுவந்த சம்பந்தம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நிச்சயத்தை நிறுத்திவிடு. மாப்பிள்ளை கலைவேந்தன் தங்கமான பையன்தான். ஆனால் அவன் அப்பன் தணிகைவேல், பக்கத்து வீட்டிலிருந்தே கண்ணால் கரண்ட்டை உறிஞ்சுகிறான். போனில் சொல்லலாமென்றால் நம் வீட்டில் சிக்னல் மாடியில்தான் கிடைக்கும், மாடியில் பேசினால் அவன் காதில் விழும். அதனால்தான் கடிதம்.

கேள். கார்த்திகையில் ஆறு தகடு போட்டோம். மாட்டியவன் போகும்போது, "மேல நிழல் மட்டும் வுழாம பாத்துக்குங்க சார்" என்றான், நான் வேப்பங்கிளையைக்கூட விட்டு வைக்கவில்லை, வெட்டிப் போட்டேன். தினம் பன்னிரண்டு யூனிட். அது போனில் வரும், எனக்கு அந்தச் சமாச்சாரம் பிடிபடாது, சாயங்காலம் பிரியதர்ஷினி பார்த்துச் சொல்வாள். ஒருநாள் தணிகைவேல் தன் மாடியில் நின்று, "இன்னா சம்பந்தி, பன்னண்டு யூனிட்டாமே! சூரியன் ஒங்க வூட்டுக்கு மட்டும் ஓவர்டைம் பாக்குதா?" என்று சிரித்தான் பார்! அன்றைக்கே தெற்குச் சுவரில், அவன் வீட்டைப் பார்த்தபடி, கம்பு நட்டுப் பெரிய திருஷ்டிப் பூசணிக்காய் கட்டினேன். மறுநாள் ஒன்பது! பட்டுவிட்டது கண். விடுவேனா? என் பழைய சட்டை, பேன்ட்டில் வைக்கோலைத் திணித்து ஆளுயரப் பொம்மை செய்து, இரண்டு கையையும் விரித்து அதே கம்பில் நிறுத்தினேன். மீசையை மட்டும் தணிகைவேலுக்கு இருக்கிற மாதிரியே வரைந்தேன். நாலு யூனிட்! "துணி காயப்போட எடமில்ல, நீங்களும் ஒங்க பொம்மையும்" என்று உன் அக்கா கத்துகிறாள். அவளுக்கு என்ன தெரியும்?

ஆதாரம் கேட்பாய். போன செவ்வாய்க்கிழமை காற்றில் பொம்மை குப்புற விழுந்து கிடந்தது. அன்றைக்குத் தணிகைவேல் விழுப்புரம் போயிருந்தான். பதினொரு யூனிட்! புதன்கிழமை அவன் திரும்பி வந்தான், நானும் பொம்மையை நிமிர்த்தினேன், மறுபடி நாலு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நேற்றுக் காலையிலிருந்து தகட்டுக்கு எதிரிலேயே நாற்காலி போட்டு, கல்யாணத்துக்குப் பிடிக்கிற பெரிய குடையை விரித்துக் காவல் உட்கார்ந்தேன். மூன்று! நான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எடுக்கிறான் மச்சான். இந்த வீட்டில் என் பெண் எப்படி வாழ்வாள்?

மற்றபடி கல்பனாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. கரும்பு வெட்டு நல்லபடி முடியட்டும். யார் கண்ணும் உங்கள்மேல் படாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
சாமிநாதன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை யாரிடமும் காட்டாதே. உறையை ஒட்டுவதற்குள் கலைவேந்தன் மாடியேறி வந்தான். "மாமா, கோவிச்சுக்காதீங்க. ஒங்க பொம்மையோட நெழல்தான் இது. வாய்க்கால ஒரு எடத்துல அடைச்சா கடைசி வயல் வரைக்கும் தண்ணி போவாதில்ல? அதுமாதிரி ஒரு தகட்டுல நெழல் வுழுந்தா மொத்தமும் படுத்துக்கும்" என்றான். பொம்மையைப் பிடுங்கி வடக்குப் பக்கம் நட்டு, குடையையும் மடக்கினான். சாயங்காலம் பத்து யூனிட். கம்பைப் பிடித்துக்கொடுக்க வந்த தணிகைவேல் அவர்கள், பொம்மையையே பார்த்து, "இந்த மூஞ்சிய எங்கியோ பாத்திருக்கேனே சம்பந்தி" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, காபி கொடுத்து அனுப்பினேன். சம்பந்தம் உறுதி.

ஆனால் ஒரு சந்தேகம். பூசணிக்காய் கட்டிய மறுநாள் ஒன்பது, பொம்மை விழுந்த அன்று பதினொன்று என்று பையன் தேதிவாரியாக ஒப்பித்தான். அந்தக் கணக்கு வருவது என் பெண்ணின் போனில் மட்டும்தான். நிச்சயத்தை ஞாயிறு வரை இழுக்காதே, வெள்ளிக்கிழமையே வை.