எக்ஸ்டென்ஷன் எழுத மறுத்த பட்டன்

கோயமுத்தூரையே சல்லடை போட்டுச் சலித்தாலும் நட்பைப் பற்றி, நாங்கள் எக்ஸ்டென்ஷன் என்று கூப்பிட்டவர் அளவுக்கு யோசித்த மனிதர் கிடைக்க மாட்டார். அவருக்கு நண்பர் என்று ஒருவர்கூட இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

சரவணம்பட்டியில் நாங்கள் வேலை பார்த்தது சின்னக் கம்பெனி. ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம் என்று வெப்சைட் செய்து கொடுப்போம். எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் ஒரே ஃபிரேம்வொர்க்தான். பக்கம் வைக்கலாம், படிவம் வைக்கலாம், அவ்வளவுதான். ஒருநாள் நூல் வியாபாரிகள் சிலர் வந்து, தங்களுக்குள் நண்பர்களாகச் சேர்ந்து பேசிக்கொள்ள ஒரு சமூக வலைத்தளம் வேண்டும் என்றார்கள். எங்கள் ஃபிரேம்வொர்க்குக்கு நட்பெல்லாம் தெரியாது. அதுவரை வாயே திறக்காத வெள்ளகோவில்காரர் ஒருவர், "இதையவே இழுத்துக் கட்டிப்போடலாமுங்க" என்றார். நட்புக்கு ஒன்று, செய்திக்கு ஒன்று, லைக்குக்கு ஒன்று என எக்ஸ்டென்ஷன் என்கிற ஒட்டு நிரல்களாக எழுதி அதன்மேல் பொருத்தினார். அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் போய், எக்ஸ்டென்ஷன் என்பதே பெயராயிற்று.

சோதித்துப் பார்க்க ஆட்கள் வேண்டும். மற்றவர்களாக இருந்தால் பொய்ப் பெயர்களைப் போட்டுக்கொள்வார்கள். இவர் மேஜை மேஜையாக வந்து, கைகட்டி நின்று, நண்பராகச் சேர்த்துக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்டார். ஒப்புக்கொண்டவர்களுக்கு மறுநாள் நேரில் வந்து நன்றி சொன்னார். வாட்ச்மேனையும் எதிர் பேக்கரியில் டீ போடுகிறவரையும்கூட விடவில்லை. மத்தியானம் மட்டும் தனியாக, திரையைப் பார்த்தபடி தயிர்சாதம் சாப்பிடுவார். எங்களில் யாருக்கும் அது உறுத்தவில்லை.

வியாபாரிகளுக்குச் செய்து காட்டிய அன்று ஒருவர், "வேண்டாதவனை எப்படிங்க கழட்டிவிடறது?" என்று கேட்டார்.

"பேசாம இருந்தாப் போதுமுங்க. அத்துவிட எதுக்குங்க பட்டன்?" என்றார் எக்ஸ்டென்ஷன்.

முதலாளி கெஞ்சினார், முறைத்தார். இவர் அசையவில்லை. கடைசியில் வேலை என் தலையில் விழுந்தது.

அரைநாளில் எழுதிவிட்டேன். வேலை செய்கிறதா என்று பார்க்க, என் நண்பர் பட்டியலில் முதலில் இருந்த பெயரை நீக்கினேன். அது அவருடைய பெயர். எது நடந்தாலும் சம்பந்தப்பட்டவருக்கு உடனே தகவல் போகும்படி அவர் எழுதி வைத்திருந்ததை மறந்துவிட்டேன்.

இரண்டே நிமிடத்தில் என் மேஜை அருகே வந்து நின்றார். "ஏனுங்க, நான் ஏதாச்சும் தப்பு செஞ்சுபோட்டனுங்களா?"

டெஸ்ட்தான் என்றேன். குனிந்து என் திரையைப் பார்த்தார்.

"டெஸ்ட்டுங்களா. நல்லா வேலை செய்யுதுங்க."

போய் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. கிளம்பும்போது, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னேன். எத்தனை மணிக்கு என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டார்.

பன்னிரண்டரைக்கு டாண் என்று வந்தார். மொத்தம் பத்து வார்த்தை பேசினார். அதில் எட்டு 'போதுமுங்க'. அடுத்த ஞாயிறு கூப்பிடாமலே வந்தார். இரண்டு பேரும் வேறு வேறு கம்பெனிக்குப் போன பிறகும் வருகிறார்.

இந்த ஞாயிறு கோயில் நோம்பிக்கு ஊருக்குப் போயிருக்கிறார். மணி ஒன்றரை. எங்கள் வீட்டில் இன்னும் யாரும் சாப்பிட உட்காரவில்லை.