தூங்காத வகுப்பு

மூன்றாவது வரிசையில் இருந்த லாரி டிரைவர் குறட்டை விட ஆரம்பித்தபோது பயிற்றுநர் வேகக் கட்டுப்பாடு பற்றிய ஸ்லைடில் இருந்தார். அவர் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். குறட்டையும் உயர்ந்தது. சிறிது நேரம் இரண்டும் சரிக்குச் சரியாகப் போயின. கடைசியில் பயிற்றுநர்தான் விட்டுக்கொடுத்தார்.

அது போக்குவரத்து அலுவலகத்தின் வகுப்பறை. சிக்னலில் நிற்காமல் போனவர்கள், ஹெல்மெட் போடாதவர்கள், கண்ட இடத்தில் வண்டியை நிறுத்தியவர்கள் எல்லாரும் பிடிபட்ட வாரத்தின் சனிக்கிழமை காலையில் அங்கே வந்து ஒரு வகுப்பு உட்கார வேண்டும். உட்கார்ந்து எழுந்தால்தான் பறித்த லைசென்ஸ் கைக்குத் திரும்பி வரும்.

பயிற்றுநர் பல வருடமாக அந்த வகுப்பை ஒரே ஸ்லைடுகளை வைத்து ஒப்பேற்றிவந்தார். ஸ்லைடு என்றால் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. ஒன்றில் எத்தனை விதி கொள்ளுமோ அத்தனை விதி. வகுப்புக்கு முதுகைக் காட்டி, திரையைப் பார்த்து, ஓர் எழுத்து விடாமல் வாய்விட்டுப் படிப்பார். அலுவலகத்தில் அவருக்குத் 'தாலாட்டு' என்று பெயர். அது அவருக்குத் தெரியாது என்று அலுவலகம் நினைத்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு மேலதிகாரி வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனதை அவர் கவனிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டனுப்பினார்கள்.

"இன்னிக்கு எத்தனை பேரு முழிச்சிருந்தாங்க?" என்றார் மேலதிகாரி.

"பாதிப் பேராவது இருப்பாங்க சார்."

"நான் பாத்தப்போ நீங்க ஒருத்தர்தான். அதுவும் நிச்சயமா சொல்ல முடியாது. திரும்பி நின்னுட்டிருந்தீங்க."

மேலதிகாரி மேசையிலிருந்த ஒரு கோப்பை மூடினார்.

"வகுப்ப மூடிட்டு, எல்லாரையும் வீட்டுலயே வீடியோ பாக்க வெச்சிடலாம்னு மேல பேச்சு அடிபடுது. அப்படி ஆச்சுன்னா உங்கள பழைய நம்பர் பிளேட் கிடங்குக்குத்தான் அனுப்பணும்."

"அங்க ஜன்னல் இருக்கா சார்?"

"கதவே சரியா இல்ல. அதுக்குள்ள வகுப்ப கொஞ்சம் கலகலப்பாக்கப் பாருங்க."

கலகலப்பு என்பது பயிற்றுநருக்குப் பழக்கமில்லாத துறை. வீட்டுக்குப் போய், கல்லூரியில் படிக்கும் மகளிடம் லேப்டாப்பைத் திறந்து காட்டினார். அவள் முதல் ஸ்லைடைப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு இன்னும் கிட்டே வந்தாள்.

"அப்பா, இது ஸ்லைடு இல்ல. கண் டாக்டர் கிட்ட மாட்டியிருக்குமே, அந்த போர்டு."

"எல்லாமே முக்கியமான விதிம்மா."

"இருக்கட்டும். ஒரு ஸ்லைடுக்கு ஒரு படம், ஒரு வரி. படம் மனசுல நிக்கணும். அவ்வளவுதான்."

மனசில் நிற்கும் படத்துக்குப் பயிற்றுநர் நேராக அலுவலகத்தின் விபத்துப் பதிவுப் பிரிவுக்குப் போனார். அங்கே படத்துக்குப் பஞ்சமில்லை. அடுத்த சனிக்கிழமை அவர் வகுப்பில் யாருமே தூங்கவில்லை. ஒரு தையல்காரர் மட்டும் கண்ணை மூடினார். அதுவும் தூக்கம் இல்லை, மயக்கம். அவரைத் தூக்கிக்கொண்டு போக நாலாபக்கமிருந்தும் ஆட்கள் எழுந்தார்கள். ஒரு மெலிந்த தையல்காரரைத் தூக்க அத்தனை பேர் வேண்டியதில்லை. போனவர்களில் ஒருவரும் திரும்பி வரவில்லை.

"ஆம்புலன்ஸ் இந்த வாசலுக்கு வர்றது இதான் முதல் தடவ," என்றார் மேலதிகாரி.

"யாரும் தூங்கல சார்."

"அந்த ஆளு வீட்டுக்குப் போயும் தூங்கலயாம். அவரோட சம்சாரம் போன் பண்ணாங்க."

படத்தைக் குறைத்து ஒலியைக் கூட்டலாம் என்று பயிற்றுநருக்குத் தானாகவே தோன்றியது. மகள் ஸ்லைடுக்குச் சத்தம் சேர்க்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டு, "ஒண்ணு ரெண்டு எடத்துல போதும்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். பயிற்றுநர் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஒரு பிரேக் சத்தம் வைத்தார். டயர் தரையில் இழுபடும் 'க்ரீச்', அதைத் தொடர்ந்து ஓர் அமைதி.

சனிக்கிழமை வெயிலாக இருந்ததால் ஜன்னல்கள் திறந்திருந்தன. முதல் 'க்ரீச்'சில் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. இரண்டாவதில் வெளியே சாலையில் போய்க்கொண்டிருந்த ஒரு காரோட்டி பதறிப்போய் பிரேக்கை அழுத்தினார். அவருக்குப் பின்னால் வந்தவர் அழுத்தவில்லை. இந்த முறை கேட்ட சத்தம் பயிற்றுநரின் லேப்டாப்பிலிருந்து வரவில்லை. அவர் அது தெரியாமல், "பாத்தீங்களா, எவ்வளவு தத்ரூபமா இருக்கு" என்றார்.

இடைவெளி விடாமல் ஓட்டியதற்காகப் பின்னால் வந்தவரின் லைசென்ஸைப் பறித்து அடுத்த சனிக்கிழமை வகுப்பில் பெயரைச் சேர்த்தார்கள். காரணமில்லாமல் நிறுத்தியதற்காக முன்னால் போனவரையும் சேர்த்தார்கள்.

"நம்ம வேல வகுப்புக்கு வர்ற ஆளக் குறைக்கிறது," என்றார் மேலதிகாரி. "நீங்க சேக்கிறீங்க."

பயிற்றுநர் சத்தத்தை எடுத்துவிட்டுக் கேள்வி பதில் வைத்தார். பரிசுக்கு ஒரு சாவிக்கொத்து. முதல் கேள்வி, வட்டச் சந்திப்பில் யாருக்கு முதலில் வழிவிட வேண்டும் என்பது. இரண்டு டாக்ஸி டிரைவர்கள் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள். இருவரும் வேறு வேறு பதில் சொன்னார்கள். முதலில் குரல் ஏறியது, பிறகு சட்டைக் காலரில் கை ஏறியது. வகுப்பு கலகலப்பாக இருந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. பயிற்றுநர் சரியான பதிலைச் சொல்லியும் இருவரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. வெளியே போகும்போது கேட்டில் யார் முதலில் போவது என்று அதே விவாதம் தொடர்ந்தது. இரண்டு டாக்ஸியும் ஒரே நேரத்தில் கேட்டுக்குள் நுழைந்து, பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நின்றன. மேலதிகாரியின் கார் உள்ளே இருந்தது. கிரேன் வரும்வரை அவரும் உள்ளே இருந்தார்.

அன்று அவர் பயிற்றுநரைக் கூப்பிடவில்லை. அடுத்த வகுப்பும் சரியாக அமையாவிட்டால் போக வேண்டிய கிடங்கின் சாவியை மட்டும் ஆள் மூலம் பயிற்றுநரின் மேசையில் வைக்கச் சொல்லியிருந்தார்.

பயிற்றுநர் சாவியை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். அவர் மனைவி முடிதிருத்தும் கடை வைத்திருந்தாள். கடையில் துவைத்த துண்டுகளை மடித்தபடி அவள் கொஞ்ச நேரம் அவரையும் சாவியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க ஏங்க அவங்களுக்கு வித்த காட்டிட்டே இருக்கீங்க? பேசுங்களேன்."

"பேசினாத்தான் தூங்கறாங்க."

"நீங்க பேசறதில்ல, படிக்கறீங்க. என் கடைக்கு வர்றவங்க தலைய ஆட்டாம உக்காரணும். கத்தி காது பக்கத்துல இருக்கு. நான் என்ன, படமா காட்டறேன்? 'அந்த மூணாவது மாடிப் பொண்ணு ஓடிப்போன விஷயம் தெரியுமா'ன்னு ஆரம்பிப்பேன். கழுத்து கல்லு மாதிரி நிக்கும்."

"போக்குவரத்து விதியில யாரு ஓடிப்போறது?"

"யாரையாவது ஓட விடுங்க."

மனைவி இன்னொரு துண்டை உதறினாள்.

"அப்புறம், முடிவ மட்டும் சொல்லாதீங்க. சொன்னா வாசல் தாண்டறதுக்குள்ள மறந்துடுவாங்க. சொல்லாம விட்டா அதையே நெனச்சிட்டிருப்பாங்க. வண்டி ஓட்டும்போதும் நெனப்பாங்க."

"நெனச்சா?"

"மெதுவா போவாங்க."

இதில் ஒரு குறையும் அவருக்குத் தெரியவில்லை.

பயிற்றுநர் எழுத உட்கார்ந்தார். அதுவரை அலுவலகச் சுற்றறிக்கையைத் தவிர எதுவும் எழுதாத கை, ஒரு கூரியர்காரனைப் படைத்தது. அவன் கையில் யாரோ ஒரு பெட்டியைக் கொடுத்து, திறக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிறார்கள். பெட்டிக்காக ஒரு வெள்ளைக் கார் அவனைத் துரத்துகிறது. கூரியர்காரனிடம் ஒரே ஒரு விசேஷம்: உயிரே போனாலும் அவன் விதியை மீற மாட்டான். சிவப்பு விளக்கு விழுந்தால் நிற்பான். வெள்ளைக் காரும் பின்னால் வந்து நிற்கும், சரியான இடைவெளி விட்டு. பச்சை விழுந்ததும் துரத்தல் தொடரும். மகள் ஸ்லைடு செய்து கொடுத்தாள். ஒரு ஸ்லைடுக்கு ஒரு படம். ஒரு பைக். ஒரு கண்ணாடி, அதில் தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. ஒரு சிவப்பு விளக்கு. எழுத்தே கிடையாது.

சனிக்கிழமை பயிற்றுநர் விளக்கை அணைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக வகுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றார். படிக்க எதுவும் இல்லாததால் வேறு வழியில்லை.

"அவன் கண்ணாடியில பாத்தான்," என்று ஆரம்பித்தார். "வெள்ளைக் கார் இன்னும் பின்னாடியே இருந்துச்சு."

ஒரு செருப்புகூடச் சரசரக்கவில்லை. இருட்டில் முகம் எதுவும் தெரியவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. இன்டிகேட்டர் போடாமல் திரும்பலாமா என்று கூரியர்காரன் தடுமாறிய இடத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு வெல்டர், "போட்டுத் தொலைடா" என்றார். பள்ளிக்கூட வாசலில் குழந்தைகள் சாலையைக் கடக்கும்வரை அவன் காத்திருந்தபோது வகுப்பும் அவனோடு காத்திருந்தது. கடைசி ஸ்லைடில், ரயில்வே கேட் மூடியிருக்கிறது, வெள்ளைக் காரின் கதவு திறக்கிறது, பெட்டி தானாக லேசாக அசைகிறது.

பயிற்றுநர் புரொஜெக்டரை நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டார்.

"பெட்டில என்ன சார்?" என்றார் வெல்டர்.

"யோசிச்சுப் பாருங்க," என்றார் பயிற்றுநர். சொல்லியிருக்க முடியாது. அவருக்கே தெரியாது.

அந்த வாரம் முழுக்க அவர் நிம்மதியில்லாமல் இருந்தார். ரயில்வே கேட்டில் நிற்பவனை அப்படியே விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க மனம் வரவில்லை. எனவே அடுத்த சனிக்கிழமை, புதிதாக வந்தவர்களுக்கு முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேலே போனார். கூரியர்காரனுக்குப் பின்சீட்டில் டிரைவிங் ஸ்கூல் ஆசிரியை ஒருத்தி ஏறினாள். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டுதான் ஏறினாள். ஒருவழிப் பாதை என்பதால் தப்பிக்கும் வழி தெரிந்தும் அதில் திரும்பாமல் சுற்றிப் போனார்கள். வகுப்பில் யாரோ விசும்பியது கேட்டது.

கூட்டம் கூடியது. வாராவாரம் நாற்காலி போதவில்லை. பக்கத்து அறையிலிருந்து பெஞ்சுகள் வந்தன. பிறகு சுவரோரம் நின்றார்கள். நின்றவர்களும் அசையவில்லை. வகுப்பு முடிந்த பிறகும் வண்டி நிறுத்துமிடத்தில் கும்பல் கும்பலாக நின்று பெட்டியைப் பற்றித் தர்க்கம் செய்தார்கள். பயிற்றுநர் அதைப் பார்க்காதது போல, மெதுவாக, அவர்கள் நடுவிலேயே நடந்துபோனார்.

மேலதிகாரி ஒருநாள் வந்து பின்னால் நின்று முழு வகுப்பையும் கேட்டார். திங்கட்கிழமை பயிற்றுநரைக் கூப்பிட்டு, முதலில் உட்காரச் சொன்னார். அதுவே புதிது.

"கிடங்குச் சாவியக் குடுத்திடுங்க. அது இனிமே உங்களுக்கு எதுக்கு?"

"சரிங்க சார்."

"ரோட்டுல வண்டி பிடிக்கற நம்ம ஆளுங்ககூட உங்களப் பத்தித்தான் பேசறாங்க. முன்னெல்லாம் கையக் காட்டினா வண்டிய முறுக்கிட்டு ஓடுவாங்களாம். இப்ப யாரும் ஓடறதில்ல. தானா வந்து நின்னு லைசென்ஸ நீட்டறாங்க. நேத்து ஒருத்தர் நன்றி வேற சொல்லிட்டுப் போனாராம். எவ்வளவு பேருக்கு உங்களால பொறுப்பு வந்திருக்கு பாருங்க."

பயிற்றுநர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"பிடிபடறவங்க கணக்கும் ஏறியிருக்கு," என்றார் மேலதிகாரி. "நம்ம ஆளுங்க இப்பத்தான் ஒழுங்கா வேல பாக்கறாங்க. அடுத்த வாரத்துலேர்ந்து வகுப்ப பெரிய அரங்கத்துக்கு மாத்திடலாம். இந்த இடம் பத்தாது." எழுந்து வாசல்வரை கூட வந்தவர், கதவைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பொண்ணு வெள்ளைக் கார் கூட்டாளி இல்லையே?"

"அது வர்ற வாரம் தெரியும் சார்."

அந்தச் சனிக்கிழமை பெரிய அரங்கம் நிரம்பி வழிந்தது. சுரங்கப் பாதைக்குள் ஆசிரியை பெட்டியின் பூட்டில் சாவியை நுழைத்த நொடியில் பயிற்றுநர் நிறுத்தினார். அரங்கம் ஒரே குரலில் பெருமூச்சு விட்டது. அதைவிடப் பெரிய பாராட்டு ஓர் ஆசிரியருக்குக் கிடைத்துவிட முடியாது என்று அவருக்குத் தோன்றியது. மனைவிக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போக வேண்டும். கடைக்குப் புதுக் கத்தரிக்கோல் கேட்டிருந்தாள்.

லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, கூட்டம் கலைந்த பிறகும் ஒருவர் மட்டும் ஓரமாக நின்றிருந்தார். அந்தத் தெருமுனை மருந்துக்கடைக்காரர். இஸ்திரி கலையாத சட்டை, சட்டைப் பையில் மூடி போட்ட பேனா. நிறுத்தக் கூடாத இடத்தில் ஸ்கூட்டரை நிறுத்தியதற்காக வந்தவர்.

"ஒரு சந்தேகம் கேக்கலாங்களா?" என்றார்.

"தாராளமா கேளுங்க," என்றார் பயிற்றுநர். பெட்டியைப் பற்றிக் கேட்டால் ஒரு சின்னத் துப்பாவது கொடுத்துவிடலாம் என்று இருந்தது. இத்தனை மரியாதையான மனிதர்.

மருந்துக்கடைக்காரர் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். அளவு தெரியாமல் மருந்து கொடுக்கத் தயங்குகிறவரைப் போலக் கேட்டார்:

"நான் இதுக்கெல்லாம் புதுசுங்க, மத்தவங்க அளவுக்குப் பழக்கமில்ல. அடுத்த வாரமும் இங்க வரணும்னா செவப்பு விளக்கத் தாண்டினா போதுமா, இல்ல அத விடப் பெருசா ஏதாவது பண்ணணுமா?"