நிமிடத்துக்குப் பத்துக் கொத்து

ஒரு காட்டில், பக்கத்துக் காட்டுக்காரன் அணு உலை கட்டிவிட்டானே என்ற வயிற்றெரிச்சலிலேயே சிங்கராஜாவும் ஓர் அணு உலை கட்டினார். அது எதற்கென்று யாருக்கும் தெரியாது. கேட்டால் இரகசியம் என்றார்கள். கேட்டவர் பெயரையும் எழுதிக்கொண்டார்கள்.

உலைக்குப் பக்கத்து மரத்தில் செங்கொண்டை என்றொரு மரங்கொத்தி நான்கு முட்டைகளோடு குடியிருந்தாள். கதிர்வீச்சு பட்டால் அவள் அலகு அரிக்கும். அரித்தால் மரத்தைக் கொத்துவாள். பாவம், அவளையே அளவுகருவியாக வேலைக்கு வைத்துவிட்டார்கள். நிமிடத்துக்குப் பத்துக் கொத்து வரை ஆபத்தில்லை. தாண்டினால் எல்லாரையும் ஆற்றுக்கு அக்கரையில் குடியமர்த்த வேண்டும் என்பது சட்டம்.

ஒருநாள் காலை உலை புஸ்ஸென்றது. செங்கொண்டை நாற்பது கொத்தினாள். கொத்திய கையோடு அணுத்துறைச் செயலாளர் ஓணானிடம் ஓடினாள்.

"ஐயா, நாப்பது வருதுங்க. வீட்ல முட்டை இருக்கு. எங்கள அக்கரைக்கு அனுப்பிடுங்க."

ஓணான் தலையை ஆட்டினார். அவர் எதற்கும் ஆட்டுவார், அதனால்தான் செயலாளர்.

"இப்பத்தாம்மா வரம்ப அம்பதாக்கினோம். நீ பத்து கம்மியாத்தான் கொத்தியிருக்க."

மறுநாள் அறுபது வந்தது. வரம்பு நூறானது. அதற்கடுத்த நாள் அவளுக்கே எண்ணிக்கை விட்டுப்போனது. வரம்பு இனிமேல் இரகசியம் என்று சொல்லிவிட்டார்கள்.

செங்கொண்டை கூட்டுக்கும் ஆற்றங்கரைக்குமாய் அலைந்தாள். முட்டைகளை எப்படித் தூக்கிக்கொண்டு பறப்பது? தவித்து நிற்கையில், ஓணானின் அலுவலகத்திலிருந்து யானைகள் கோப்புக் கட்டுகளைச் சுமந்துகொண்டு ஆற்றில் இறங்குவதைப் பார்த்தாள். முன்னும் பின்னும் புலிக் காவல்.

"என்னண்ணே இது?" என்று கடைசி யானையைக் கேட்டாள்.

"இரகசியக் கோப்பும்மா. ஒண்ணுக்கும் சேதம் வரக்கூடாதுன்னு உத்தரவு. ராஜா முந்தாநாளே போயிட்டாரு."

செங்கொண்டை நேரே அலுவலகத்துக்குப் பறந்தாள். ஓணானின் மேசையிலிருந்த ரப்பர் ஸ்டாம்பைக் கவ்விப் போய், நான்கு முட்டைகளிலும் 'மிக இரகசியம்' என்று குத்தினாள். தன் வயிற்றிலும் ஒன்று குத்திக்கொண்டு அசையாமல் படுத்தாள்.

அன்று மாலையே ஐவரும் பஞ்சு மெத்தையில், புலிக் காவலோடு அக்கரை சேர்ந்தார்கள். இக்கரையில் எஞ்சியவர்கள் நலமாக இருப்பதாக அக்கரையிலிருந்து அறிக்கை வந்தது.

பத்தே நாளில் இரகசியங்கள் நான்கும் பொரிந்து, பசி தாங்காமல் கத்தின. ஓணான் வந்து பார்த்து, கோப்புடன் புதிய இணைப்புகள் நான்கு சேர்க்கப்பட்டதாகக் குறித்துக்கொண்டு போனார்.

நீதி: ஆபத்துக் காலத்தில் உயிராக இருந்து பயனில்லை, கோப்பாக இருக்க வேண்டும்.