முள் மைனஸ் பக்கம் நின்ற விவரம்

எப்போதும்வென்றான்,
14.10.1999

மரியாதைக்குரிய மாமா தங்கப்பாண்டியன் அவர்களுக்கு, மருமகன் பூவனலிங்கம் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் மகள் இசக்கிச்செல்வியும் இரண்டு மாடுகளும் சுகம். தாங்கள் எங்களுக்குக் கொடுத்த டிராக்டரும் இப்போது சுகம். 'இப்போது' என்று எழுதியதற்கு விளக்கம் சொல்லத்தான் இந்தக் கடிதம். அத்தை பக்கத்தில் இருந்தால் சத்தமாகப் படிக்க வேண்டாம்.

திங்கட்கிழமை விதைப்புக் காட்டில் நாலு பேர் முன்னால் நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். அது இந்நேரம் விளாத்திகுளம் பஸ் ஏறித் தங்கள் காதுக்கு வந்து சேர்ந்திருக்கும். அடுத்தவர் வாயில் அது என்ன உருவம் எடுத்ததோ தெரியாது. ஆகவே நடந்ததை நானே ஒன்று விடாமல் எழுதிவிடுகிறேன்.

போன வாரம் இங்கே இரண்டு நாள் நல்ல மழை. நம் கரிசலைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழை விட்ட மறுநாள் காலை வைத்தால் மண் காலோடு வந்துவிடும், ஒரு வாரம் கழித்துப் போனால் கலப்பையையே உடைக்கும், இடையில் மூன்று நாலு நாள்தான் விதைப்புக்கு. அந்தச் சமயம் பார்த்து வண்டியின் பேட்டரி செத்துப் போனது. கோவில்பட்டியிலிருந்து புது பேட்டரி கொண்டு வந்து வைக்கப் பார்த்தால், உள்ளே வயரெல்லாம் எலி கடித்து, அதற்கு டேப் சுற்றி, அந்த டேப்பையும் எலி கடித்திருந்தது. எலக்ட்ரீசியன் சோலைமுத்து மணியாச்சியில் மச்சினி கல்யாணத்துக்குப் போயிருந்தார். செவ்வாய்தான் வருவார் என்றார்கள். நான் காத்திருந்திருக்க வேண்டும். ஆனால் மாமா, எங்கள் வீட்டு ஃபேனுக்கு ரெகுலேட்டர் மாற்றியது நான்தான், அது இன்றைக்கும் சுற்றுகிறது. அந்தத் தைரியம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய வயர் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டேன். செல்வி வந்து பார்த்துவிட்டு, "எது எங்கன இருந்து வந்துச்சுன்னு ஒரு தாள்ல எழுதி வச்சுக்கிடுங்களேன்" என்றாள். "எல்லாம் தலையில இருக்கு" என்றேன். டைனமோ கரண்டை உண்டாக்குகிறது, கட்-அவுட் பெட்டி அதை பேட்டரிக்கு விடுகிறது, வண்டி நின்றதும் கரண்ட் திரும்பி ஓடாதபடி கதவைச் சாத்துகிறது, வழியில் ஆம்பியர் மீட்டர் நின்று பார்த்துக்கொள்கிறது, முள் பிளஸ் பக்கம் போனால் பேட்டரிக்கு ஏறுகிறது, மைனஸ் பக்கம் போனால் இறங்குகிறது. இதில் எழுதி வைக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். பேட்டரியின் மைனஸை வண்டியின் பாடியோடு மாட்டினேன். கார், லாரி, பஸ் எல்லாவற்றிலும் நான் பார்த்தது அப்படித்தான். கிளாம்ப் கொஞ்சம் லூசாக இருந்தது, தகரத் துண்டு வைத்து இறுக்கினேன்.

திங்கள் காலை செல்ஃப் அடித்ததும் வண்டி எடுத்துவிட்டது. முள் மட்டும் மைனஸ் பக்கம் ஓடிப்போய்க் கடைசிக் கோட்டில் முட்டி நின்றது. நான் பதறவில்லை. மீட்டருக்குப் பின்னால் இரண்டு வயரையும் இடம் மாற்றி மாட்டினேன். முள் அப்படியே பிளஸ் பக்கம் சாய்ந்து அந்தக் கடைசிக் கோட்டில் முட்டியது. செல்வியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்தியா, முழுசா ஏறுது!"

அவள் குனிந்து பார்த்தாள். "மீட்டர் வயரத்தான மாத்தினிய? வேற எதையும் தொடலியே. இறங்கிக்கிட்டிருந்தது எப்படி ஏறும்?"

அந்தக் கேள்விக்கு அங்கேயே நின்று யோசித்திருந்தால் தங்களுக்கு இந்தக் கடிதத்தைப் படிக்கும் சிரமம் இருந்திருக்காது. "நீ போய்க் கூழக் கரைச்சுக் கொண்டா" என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டேன்.

அரை ஏக்கர்கூட ஓடவில்லை, டைனமோவிலிருந்து ரப்பர் தீய்ந்த வாடையும் புகையும் வந்தது. பதறிப்போய் வண்டியை நிறுத்தினேன். மறுபடி செல்ஃப் அடித்தால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. பக்கத்துக் காட்டில் ஆட்டுக் கிடை போட்டிருந்த மந்திரமூர்த்தியும் இன்னும் மூன்று பேரும் தள்ள வந்தார்கள். ஈரக் கரிசலில் டிராக்டரைத் தள்ளுவது எப்படி இருக்கும் என்று தங்களுக்குத் தெரியும். வண்டி நின்ற இடத்தில் நிற்க, நாங்கள்தான் முழங்கால் வரை உள்ளே போனோம். மந்திரமூர்த்தி மீட்டரை எட்டிப் பார்த்து, "பிளஸ்லதான நின்னுச்சுங்கிய, பொறவு எப்படி அண்ணாச்சி பேட்டரி செத்துச்சு?" என்று கேட்டார். கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் காலையிலிருந்து அதே கேள்வி இரண்டாம் தடவை. எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்து, "எங்க மாமனாரு வீட்டுல போட எடமில்லாம என் தலையில கட்டின கழிசல் இரும்புய்யா இது!" என்று கத்திவிட்டேன்.

இதுதான் மாமா அந்த வார்த்தை.

திரும்பிப் பார்த்தால் செல்வி தூக்குவாளியோடு நிற்கிறாள். வாளியை வரப்பில் வைத்துவிட்டு நடந்தாள். காலில் அப்பிய மண்ணை ஒரு இடத்திலும் நின்று வழித்துப் போடவில்லை, அவ்வளவு பாரத்தையும் சுமந்துகொண்டே வீடு வரைக்கும் போனாள். கூழை நாங்கள் யாரும் தொடவில்லை.

செவ்வாய் காலை சோலைமுத்து நேரே காட்டுக்கு வந்தார். எனக்கு முன்னால் செல்வி அங்கே இருந்தாள். என்னைப் பார்க்காமல் அவரிடம் பேசினாள். "அண்ணாச்சி, பாடியில இருந்து வார இந்தக் கிளாம்போட வாய் பெரிசா இருக்கு. இவிய தகரம் வச்சு இறுக்கியிருக்காவ. பேட்டரியில பெரிய கொம்பு பிளஸ்ஸுல்லா? அப்ப எங்க அப்பா கையில இருந்தப்ப பிளஸ்தான பாடியில மாட்டியிருக்கும்?"

சோலைமுத்து என்னை ஒரு தடவை பார்த்தார். "தங்கச்சி சொல்லுததுதான் சரி. இது அந்தக் காலத்து வண்டி, பிளஸ்ஸுதான் பாடிக்கு. டைனமோ ஒரு பக்கம் தள்ளுது, பேட்டரி எதுத்தாப்ல தள்ளுது. கட்-அவுட்டு ஒட்டிக்கிட்டுக் கதவச் சாத்த முடியாமப் போச்சு, பேட்டரி கரண்டு பூரா டைனமோவுக்குள்ள ஓடிருச்சு. மீட்டரு முதல்ல உண்மையத்தான் சொல்லிச்சு அண்ணாச்சி. நீங்கதான் அதப் பொய் சொல்ல வச்சிட்டிய."

பேட்டரியை அவர் கடையில் சார்ஜ் ஏற்றி, மத்தியானம் பிளஸைப் பாடியில் மாட்டி, மீட்டர் வயரைச் சரிபார்த்து, கட்-அவுட்டைப் பிரித்து உப்புத்தாளால் தேய்த்து, எது பிளஸ் எது மைனஸ் என்று டைனமோவுக்கு நினைவூட்ட அதன் ஒரு முனையில் வயரைக் கண்ணிமைக்கும் நேரம் தொட்டு எடுத்தார். ஒரு பொறி பறந்தது. வண்டியை எடுத்ததும் முள் பிளஸ் பக்கம் கொஞ்சம் போய் நிதானமாக நின்றது. புதன்கிழமை உழவு முடியும்போது அது நடுவுக்கு வந்துவிட்டது. நான் பயந்து ஓடிப்போய்க் கேட்டேன். "பேட்டரி நெறஞ்சிருச்சு, அதான் நடுவுல நிக்கி. எப்பமும் கோடியில போயி முட்டிக்கிட்டு நின்னாத்தான் வியாதி" என்றார்.

எனக்கு வீட்டு ஞாபகம் வந்தது மாமா. பதினாலு வருஷமாகச் செல்வி எதைச் சுட்டிக் காட்டினாலும், அவள் சொன்னது தப்பு என்று ஆக்கிவிட்டுத்தான் நான் சாப்பிட உட்கார்ந்திருக்கிறேன். அவள் சொன்னதைப் போய்ப் பார்த்ததில்லை.

நேற்றுச் சாயங்காலம் அந்த நாலு பேரையும் கூப்பிட்டு, வண்டியில் ஒரு குறையும் இல்லை, குறை என் கையில், அதைக் கண்டுபிடித்தது செல்வி, மாமாவைச் சொன்னது என் திமிர் என்று சொன்னேன். மந்திரமூர்த்தி, "இதுக்கா ஆட்ட விட்டுட்டு வரச் சொன்னிய?" என்று கேட்டார். செல்வி பருத்தி விதையில் சாணிப்பால் தடவிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. இரண்டு ஏக்கர் காய்ந்துவிட்டது. மீதியில் பருத்தியும் உளுந்தும் விழுந்தாயிற்று.

வண்டியைத் திரும்ப எடுத்துப் போக ஆள் அனுப்பினால் சாவியைக் கொடுத்துவிடுவேன். மன்னிக்க மனம் வந்தால் ஒரு கார்டு போடவும். அத்தைக்கு என் வணக்கம். தாங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இருந்து எங்களைக் கண்டிக்க வேண்டும்.

தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்,
பூவனலிங்கம்

பின்குறிப்பு: இதை மடிக்கும்போது தபால்காரர் தங்கள் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை எழுதியது. 'வண்டி மருமகன் கைக்குப் போனதிலிருந்து எனக்கு நிம்மதி' என்று எழுதியிருக்கிறீர்கள். அதாவது, அந்த வார்த்தை தங்களுக்கு வந்து சேரவே இல்லை. ஆகவே மேலே உள்ள எதையும் நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளவும். உடனே கிழிக்கப் போனேன். செல்வி பிடுங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் நின்றுகொண்டே படித்தாள். "எங்க அப்பாவுக்கு இப்படி ஒரு கடுதாசி யாரும் போட்டதில்ல. போகட்டும்" என்றாள். திங்களுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து அவள் பேசியது இதுதான். கையில் பசையோடு நிற்கிறாள். இந்த வரியை முடிக்க மட்டும் விட்டிருக்கிறாள்.