சேற்றுத்துறையின் நன்றித் தூதர்

ஒரு காட்டில், எந்த உயிரும் கேட்டு வாங்கிப் பிறக்காத ஊர் ஒன்று இருந்தது. சேற்றுத்துறை என்று பெயர். மலையிலிருந்து தெளிவாக இறங்கி வரும் ஆறு அங்கே வந்துதான் கலங்கும். கோடையில் புல் கருகும், மழையில் ஊர் முழுகும், மற்ற நாட்களில் முதலை பிடிக்கும். அந்த முதலைதான் ஊர்த் தலைவர். பரமானந்தம் என்று பெயர். தண்ணீர் குடிக்கப் போன யாராவது திரும்பி வராவிட்டால், மறுநாள் காலையில் அவரே கரையேறி வந்து துக்கம் விசாரிப்பார். அந்தப் பண்பை ஊரே மெச்சியது.

வாரம் ஒருமுறை நன்றிக் கூட்டம் நடக்கும். எல்லா விலங்குகளும் ஆற்றங்கரையில் கூடி, இந்த மண்ணில் பிறக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று மைக்கில் சொல்ல வேண்டும். கடைசியில் தலைவர் பாலைவனத்தைப் பற்றிப் பேசுவார். அங்கே ஒட்டகங்களுக்குத் தண்ணீரே கண்ணில் படாதாம். நமக்கோ ஆறு இருக்கிறதாம். விலங்குகள் தாங்கள் ஒட்டகமாகப் பிறக்காததை நினைத்து நிம்மதியடைந்து, தாகத்தோடு வீட்டுக்குப் போகும்.

மாடத்தி என்ற மிளா அந்த ஊர்க்காரி. மிளா என்றால் மான் இனத்தில் பெரிய உருப்படி. ஆனால் முதலை அந்த வித்தியாசமெல்லாம் பார்ப்பதில்லை. அவள் அம்மா அந்த ஆற்றோடு போனாள். பிறகு அக்காவும் போனாள். அப்போதும் மாடத்தி வாரம் தவறாமல் நன்றி சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அவளுடைய குட்டி பால்குடி மறந்து, முதன்முதலாகத் தண்ணீரைத் தேடி மூக்கை நீட்டிய அன்றுதான் ஊரைவிட்டுப் போக நினைத்தாள். மலைமேல் மேலருவி என்றொரு ஊர் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள். அங்கே தண்ணீருக்குள் தண்ணீர் மட்டும்தான் இருக்குமாம்.

நினைத்தவுடன் போய்விட முடியாது. ஊரைச் சுற்றி மின்வேலி. வெளியே போக ஒரே ஒரு கேட். அதன் பக்கத்து அலுவலகத்தில் நரி ஆவுடையப்பன் உட்கார்ந்திருந்தார். மாடத்தி வரிசையில் நின்று, தன் முறை வந்ததும், குட்டியோடு ஊரைவிட்டுப் போக அனுமதி கேட்டாள். காரணம் என்ன என்று நரி கேட்டார்.

"முதலை, சார்" என்றாள் மாடத்தி.

நரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "பொறந்த ஊரைப் பத்திப் பேசுற பேச்சா இது? நீ வெளிய போயி நாலு பேருகிட்ட இதையே சொன்னா ஊர் மானம் என்னத்துக்கு ஆகும்?"

அந்த அலுவலகத்தின் சட்டம் எளிமையானது. நன்றி இல்லாதவர்களை வெளியே விட்டால் ஊருக்கு அவமானம். நன்றி உள்ளவர்களுக்கு வெளியே போகவேண்டிய தேவையே இல்லை. ஆகையால் கேட்டின் கீல் துருப்பிடித்துக் கிடந்தது.

சாயங்காலத்துக்குள் செய்தி பரவிவிட்டது. மாடத்தியின் எதிரே வந்த முயல்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டன. பக்கத்துப் புதரில் இருந்த காட்டுப்பன்றி பூதத்தான் மட்டும் அவளைத் தேடி வந்தார். அவருடைய குட்டிகள் இரண்டை ஆறு கொண்டுபோயிருந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"போறதுன்னா சொல்லு தங்கச்சி, நானும் வாரேன். வேலிக்கு அடியில குழி தோண்டிருவோம். நமக்கு அது ஒரு வேலையா?"

அன்றைக்கே தோண்டத் தொடங்கிவிட்டார். ஆனால் குழி முடிவதற்குள் நன்றிக் கூட்டம் வந்துவிட்டது. ஊரைக் குறை சொன்ன மாடத்தி மேடையேறி மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று உத்தரவு. குட்டியை முன்வரிசையில், தலைவருக்குப் பக்கத்தில் மரியாதையாக உட்காரவைத்திருந்தார்கள். மாடத்தி மைக்கின் முன்னால் போய் நின்றாள். தலைவர் மேடையைப் பார்க்கவில்லை. குட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பேசினாள். என்ன பேசுகிறோம் என்று தெரியாமலே பேசினாள். வேறு ஊரில் பிறந்திருந்தால் தனக்கு இந்த ஓட்டம் வந்திருக்காது என்றாள். ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கக் கற்றுக் கொடுத்தது இந்த மண்தான் என்றாள். சொந்தக்காரர்கள் நிறைய இருந்தால் மனஸ்தாபம் வரும், அந்தக் கவலையையும் இந்த ஊர் தனக்கு வைக்கவில்லை என்றாள். அதற்குப் பலத்த கைதட்டல். தலைவர் கண்ணீர் விட்டார். முதலையின் கண்ணீரைப் பற்றி வெளியூரில் பலவிதமாகப் பேசுவார்கள். சேற்றுத்துறையில் யாரும் பேசமாட்டார்கள்.

கூட்டம் முடிந்ததும் மாடத்தி குட்டியை இழுத்துக்கொண்டு வேலிக்கு ஓடினாள். பூதத்தான் அங்கேதான் இருந்தார். குழியை முழுக்க மூடி, மண்ணை மிதித்துச் சமப்படுத்திக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"உன் பேச்சைக் கேட்டதும் எனக்கே வெக்கமா போச்சு தங்கச்சி. என்ன பாவம் செய்ய இருந்தோம், பாத்தியா?"

அவள் பயத்தில் பேசியதாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

வேலி வழி அடைபட்டது. மாடத்தி பல நாள் யோசித்தாள். பிறகு பேச்சு வழியையே பிடித்துக்கொண்டாள். எல்லாக் கூட்டத்திலும் பேசினாள், கூட்டம் இல்லாத நாளிலும் பேசினாள். வெள்ளம் வந்தபோது, ஊருக்கே குளிப்பாட்டு நடக்கிறது என்றாள். புல் கருகியபோது, நம் ஊர்ச் சாம்பலுக்கு ஒரு மணம் உண்டு என்றாள். இந்தப் பெருமையெல்லாம் நமக்குள்ளேயே முடங்கிக் கிடப்பது நியாயமா என்று ஒருநாள் மேடையிலேயே கேட்டாள். தலைவருக்கு அது உறைத்தது. மாடத்தியை நன்றித் தூதராக நியமித்து, மேலருவிக்கு அனுப்ப உத்தரவிட்டார். வளரும் தலைமுறைக்கும் அனுபவம் வேண்டும் என்று சொல்லி அவள் குட்டியையும் சேர்த்துக்கொண்டாள். நரி ஆவுடையப்பனே கீலுக்கு எண்ணெய் விட்டு, மாலை போட்டு அனுப்பிவைத்தார்.

மேலருவியில் அவளுக்கு நல்ல பேர் கிடைத்தது. அந்த ஊர்க்காரர்கள் வயிறாரத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அவள் பேச்சை ஏக்கத்தோடு கேட்டார்கள். தங்கள் ஊரில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு கஷ்டம்கூட இல்லையே என்று வருந்தினார்கள். திரும்பி வரச்சொல்லிச் சேற்றுத்துறையிலிருந்து கேட்டபோதெல்லாம், இங்கே இன்னும் நிறையப் பேருக்கு நம் ஊரின் அருமை தெரியவில்லை என்று மாடத்தி பதில் அனுப்பினாள். அது பொய்யும் இல்லை.

ஒருநாள் வீடியோ கால் வந்தது. நரி செல்போனைப் பிடித்திருந்தார். பூதத்தான் சிரித்துக்கொண்டு நின்றார். ஆற்றங்கரையில் 'நம்ம சேற்றுத்துறை' என்று பெரிய விளக்கு எழுத்துக்கள் வைத்திருந்தார்கள். எல்லாரும் தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்ள வசதியாக, விளிம்பிலேயே ஒரு மேடை கட்டியிருந்தார்கள். பூதத்தான் அதன்மேல் நின்றார். அவருக்குப் பின்னால் தண்ணீர் மெல்லச் சுருங்கி விரிவதை மாடத்தி பார்த்தாள்.

"அண்ணாச்சி, திரும்பிப் பாருங்க."

"திரும்பணுமா? எனக்குத்தான் இந்த ஊரு மனப்பாடமாச்சே, தங்கச்சி. எல்லாம் நீ சொல்லித் தந்ததுதான்."

"அண்ணாச்சி, கீழ இறங்குங்க."

படம் ஆடியது, வானம் தெரிந்தது, போன் கட்டானது.

குட்டி வந்து என்ன ஆயிற்று என்று கேட்டது. சிக்னல் போய்விட்டது என்றாள் மாடத்தி. அன்று மாலை மேலருவிக் கூட்டத்தில், தன் ஊரில் பூதத்தான் என்றொரு நல்லவர் இருந்தார் என்று தொடங்கினாள். அதற்குமேல் பேச முடியாமல் தேம்பி அழுதாள். அவள் பேச்சிலேயே அதுதான் ஆகச் சிறந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். அடுத்த மாதத்துக்கும் தேதி வாங்கிக்கொண்டார்கள்.

நீதி: பிறந்த மண்ணை மறக்கவே கூடாது. மறக்காமல் இருக்க வசதியான இடம், அங்கிருந்து நாலு காடு தள்ளி.