நம்மாளு சரியில்லை

"நம்மாளு சரியில்லைடி" என்று மனைவி போனில் சொல்வது காதில் விழுந்ததும் பிரேக் சார் கூடத்திலேயே நின்றுவிட்டார்.

டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் அவர். பகல் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "பிரேக்! பிரேக்!" என்று கத்துவதால் மாணவர்கள் வைத்த பெயர் அது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், வீட்டுக்கு வந்ததும் வாயைப் பூட்டிக்கொள்வார். நல்ல மனுஷன். மனைவி என்றால் உயிர். ஆனால் அதை அவளிடம் என்றைக்காவது சொன்னதாக அவருக்கே ஞாபகம் இல்லை.

அந்த வீட்டில் 'நம்மாளு' என்றால் அவர்தான். கல்யாணமான நாளிலிருந்து மனைவி அவரைப் பேர் சொல்லிக் குறிப்பிட்டதே கிடையாது. "நம்மாளு வந்ததும் கேட்டுச் சொல்றேன்" என்பாள் பிளம்பரிடம். "நம்மாளுக்கு ஜலதோஷம்" என்பாள் எதிர் வீட்டில்.

சமையலறையிலிருந்து குரல் தொடர்ந்தது. மறுமுனையில் இருப்பது அவள் தங்கை.

"மனசு பூரா ஆசை இருக்கு, எனக்குப் புரியுது. ஆனா வாயைத் திறந்தாத்தானே? பொழுது விடிஞ்சா குதிரை, பொழுது சாஞ்சா குதிரை. பக்கத்துல ராணி கணக்கா ஒருத்தி உக்காந்திருக்கா. அவகிட்ட ரெண்டு வார்த்தை பேசினா கிரீடம் கழண்டு விழுந்துடுமா?"

குதிரை என்றால் கார். இதுகூடவா புரியாது? ராணி யார் என்பதிலும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. கிரீடம்தான் கொஞ்சம் இடித்தது. வழுக்கையைக் கிண்டல் பண்ணுகிறாள் என்று தலையைத் தடவியபடி சமாதானம் செய்துகொண்டார்.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்ததும் பூட்டைத் திறந்தார்.

"இன்னைக்கு ஒரு பேங்க் மேனேஜரம்மா, ரிவர்ஸ் எடுக்கறேன்னு நேரா முன்னாடி போய் சுவத்துல முட்டிட்டாங்க."

"ஐயையோ! அப்புறம்?" மனைவிக்கு முகமெல்லாம் பூரிப்பு.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கிளட்ச் ஏன் தேய்கிறது, கியர் ஏன் மாட்டுகிறது, வளைவில் ஹாரன் அடிக்காதவனை என்ன செய்யலாம் என்று கை காயும்வரை பேசினார். மறுநாள் லிஃப்டில் பேசினார். கடைத்தெருவில் பேசினார். பல் டாக்டரிடம் போனபோது வாயில் பஞ்சோடு பேசினார். நடுநடுவே, "நீ பேசாம கேக்கற அழகே அழகு" என்று ஒரு பாராட்டு வேறு. அவள் எங்கே பேசுவது?

அந்த வார இறுதியில் பூனைபோல வீட்டுக்குள் நுழைந்து, கதவோரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். மதிப்பெண் தெரிய வேண்டாமா?

"இந்தத் தடவை நம்மாளு வாயை மூடவே மாட்டேங்கறாருடி! லிஃப்டுல ஆரம்பிச்சா மொட்டை மாடி வரைக்கும் டயலாக். அன்புன்னா பேச்சு மட்டுந்தானா? அவ ஒண்டியா வேலையில மாய்ஞ்சு போறா. எழுந்து ஒரு கை குடுப்போம்னு தோணுதா பாரு."

தன்னைத்தானே 'அவ' என்று சொல்லிக்கொள்கிறாள் என்றால், எவ்வளவு வெறுத்துப்போயிருக்க வேண்டும்! 

மறுநாள் லீவு போட்டார். மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்து அடுப்பைப் பற்றவைத்து, எண்ணெய்ச் சட்டியை ஏற்றினார். அந்தச் சமயம் பார்த்து மேனேஜரம்மா போன் பண்ணி, கார் பின்னால் போக மறுக்கிறது என்றாள். அவர் விளக்கி முடிப்பதற்குள் சட்டி பற்றி, ஜன்னல் திரையும் பற்றிக்கொண்டது. ஈரச் சாக்கை எடுத்துச் சட்டியை மூடினார். திரைக்கு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். மனைவி திரும்பி வந்தபோது சமையலறையில் கரண்டிகள் மிதந்துகொண்டிருந்தன.

"என்னங்க இது?"

"உதவி" என்றார்.

சாயங்காலம் புதுத் திரை வாங்கிக்கொண்டு திரும்பியவர், வழக்கம்போலக் கதவோரம் ஒதுங்கினார்.

"நல்லது பண்றேன்னு கிளம்பி, நம்மாளு ஊரையே கொளுத்திட்டாருடி! பாதி அரண்மனை போச்சு."

"ஒரு திரைதானே!" என்று முனகினார் பிரேக் சார்.

"மனசு தங்கம், நான் இல்லேங்கலை. ஆனா அந்தத் தளபதி இருக்காரே, அடடா! பேச வேண்டிய நேரத்துல ரெண்டு வார்த்தை. மத்த நேரத்துல சும்மா பக்கத்துல உக்காந்து கையைப் புடிச்சுக்கறாரு. வேற என்னடி வேணும்? நானா இருந்தா தளபதிகூடத்தான் போயிருப்பேன்."

புதுத் திரை கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

மேல் மாடியில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் இருந்தார். மறுநாள் காலை லிஃப்டில் அவர், "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டார்.

"என் வீட்டைப் பத்தி உங்களுக்கு என்ன சார் அவ்வளவு அக்கறை?" என்று எரிந்து விழுந்தார் பிரேக் சார். பெரியவர் மிரண்டுபோய் நடுவிலேயே வெளியேறி, படியிறங்கிப் போனார்.

வேலையும் ஓடவில்லை. சிவப்பு விளக்கில் "பிரேக்!" என்று கத்த வேண்டியவர் "தளபதி!" என்று கத்தினார். மேனேஜரம்மா குழம்பிப்போய் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியே விட்டாள். கோபம் இல்லை அவருக்கு, பயம். அவள் குரல் கேட்காத அந்த வீட்டில் தான் எப்படி இருப்பது?

மத்தியானமே வீட்டுக்குப் போனார். அடுப்படியில் நின்றவளைக் கூட்டி வந்து சோபாவில் உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தளபதி யாரு?"

"என்னது?"

"என்கிட்ட குறை இருக்கு, நான் இல்லேங்கலை. திருத்திக்கறேன். நீ இல்லாம என்னால முடியாதும்மா. போயிடாதே."

மனைவி அவரையே பார்த்தாள். கண் கொஞ்சம் கலங்கியது. அப்புறம் வந்தது சிரிப்பு. மேஜையில் கிடந்த புத்தகங்களை ஒரு கையாலேயே இழுத்து அவர் மடியில் போட்டாள். இன்னொரு கை அவர் பிடியில் இருந்தது.

"நானும் தங்கச்சியும் காதல் நாவலா படிச்சுத் தள்றோம். கதாநாயகன் எவனா இருந்தாலும் எங்களுக்கு 'நம்மாளு'தான்!"

"குதிரை?"

"சரித்திர நாவல்."

"லிஃப்டு?"

"அவன் இந்தக் காலத்துப் பையன். கம்ப்யூட்டர் கம்பெனி."

"ஊரைக் கொளுத்தினது?"

"சரித்திரம், ரெண்டாம் பாகம். தளபதியும் அதுலதான்."

பிரேக் சார் வாய்விட்டுச் சிரித்தார். மலை இறங்கிய மாதிரி இருந்தது. சிரித்து ஓய்ந்த பிறகும் கையை விடத் தோன்றவில்லை. இரண்டு பேரும் பேசாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்த பிறகுதான் அவள் எழுந்து ஓடினாள்.

போன் அடித்தது. மைத்துனி. அவரே எடுத்தார்.

"நல்ல ஆளுங்கம்மா நீங்க ரெண்டு பேரும்!" என்று சிரித்தார். "நாவலைப் பத்திப் பேசினதை எல்லாம் என்னைச் சொல்றீங்கன்னு நெனைச்சு, நான் பட்ட பாடு இருக்கே! ஒட்டுக்கேட்டது என் தப்புதான். பாவம், உங்க அக்காவுக்குத் தெரியவே தெரியாது."

மறுமுனையில் மைத்துனிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"தெரியாதா? அத்தான், நீங்க வாசல்ல செருப்பைக் கழட்டுற சத்தம் கேட்டாத்தான் அக்கா எனக்குப் போனே போடுவா!"