சாம்பார் வாளியும் லெக்சர் அண்ணாச்சியும்

உலக யுத்தம் எதற்காக நடக்கிறது என்பதை ஒரு கரண்டி சாம்பாரில் காட்டக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்தார். அவர் தூத்துக்குடியில் எங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

பெற்றவர்கள் என்ன பெயர் வைத்தார்களோ தெரியாது. எங்களுக்கு அவர் லெக்சர் அண்ணாச்சி. கடற்கரை ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த மெஸ்ஸில் பரிமாறுகிறவர். நான் அப்போது ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. கல்யாணம் ஆகாத பன்னிரண்டு பேர் அங்கே மாதச் சாப்பாடு. தபாலாபீஸ், ரயில்வே, சுங்கம், பஞ்சு மில், உப்பாபீஸ் என்று ஆளுக்கு ஒரு உத்தியோகம்.

அண்ணாச்சி அதற்கு முன் ஒரு கல்லூரியில் பியூனாக இருந்தவர். மணி அடிப்பது அவர் வேலை. மணிக் கம்பத்துக்குப் பக்கத்து அறையில் பொருளாதார வகுப்பு. ஜன்னலோரம் நின்று பதினோரு வருஷம் கேட்டிருக்கிறார். ஒருநாள் புரொபசர் நிலவாடகையைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி மணியடிக்க மறந்துபோனார். கல்லூரி முழுவதும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகாமல் முக்கால் மணி நேரம் பசியோடு உட்கார்ந்திருந்தது. மறுமுறை அதே தப்பு நடந்தபோது வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"அந்தப் பாடம் முடிஞ்சிதா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"எங்கன முடிய? பாதியிலதானே என்னைய வெளிய போகச் சொல்லிட்டானுவ" என்றார். வேலை போனதைவிட அதுதான் அவருக்கு வருத்தம்.

மீதிப் பாடத்தை எங்கள் இலையில் நடத்தினார். ஒருநாள் சாம்பார் தண்ணீராக ஓடி இலையைத் தாண்டியது. உப்பாபீஸ் கணக்கர் ஒருவர் உண்டு, முன்கோபி; நாங்கள் அவரை உப்பாபீஸ் என்றே சொல்வோம். "என்னவே இது, தாமிரவருணியா?" என்று கத்தினார்.

அண்ணாச்சி வாளியைக் கீழே வைத்தார். வாளி கீழே இறங்கினால் பாடம் ஆரம்பம் என்று அர்த்தம். "பருப்பு நேத்து போட்ட அதே பருப்புதான். தண்ணி மட்டும் கூடிட்டு. நீரு நேத்து ரெண்டு கரண்டி வாங்கினீரு, இன்னைக்கு நாலு வாங்குதீரு. கணக்குக்கு இரட்டிப்பு, நாக்குக்குப் பாதி. யுத்தத்துக்காக சர்க்கார் நோட்டு அடிச்சித் தள்ளுதாம்லா, அதுவும் இதே சாம்பார்தான். இன்ஃப்ளேஷன்!"

அன்றைக்கு ஆபீசில் துரை சொல்லி எனக்குப் புரியாத விஷயம், கை கழுவுவதற்குள் புரிந்துவிட்டது. பசிதான் தீரவில்லை.

அப்பளத்துக்கும் இலக்கணம் வைத்திருந்தார். "நீங்க கேக்கது டிமாண்டு. நான் கொடுக்கது சப்ளை. கேக்காமலே கொடுத்தேன்னா மெஸ்ஸம்மா கடைய மூடிட்டு ஊருக்குப் போறாங்கன்னு அர்த்தம்." ஜன்னலோரம் கடல்காற்று வரும் ஓர் இடம் உண்டு. உப்பாபீஸ் தினமும் முதல் ஆளாக வந்து அதைப் பிடித்துவிடுவார். ஒருநாள் அண்ணாச்சி அந்த இடத்தில் இலை போட மறுத்துவிட்டார். ஜமீன் ஒழிப்பாம். இனிமேல் முறை வைத்துத்தான் காற்று. உப்பாபீஸ் நின்றுகொண்டே சாப்பிடுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். ரசம் வரைக்கும் நின்றார். மோருக்கு உட்கார்ந்தார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் பர்மா ஜப்பான் கையில் விழுந்தது. ரங்கூன் அரிசி நின்றது. கடையில் அரிசி அளந்து கொடுத்தார்கள். மெஸ்ஸுக்கு இவ்வளவுதான் என்றாகி, தலைக்கு நாலு கரண்டி சோறு என்று மெஸ்ஸம்மா கட்டுப்பாடு வைத்தார். நாலாவது கரண்டி விழும்போது நாங்கள் எல்லாரும் அண்ணாச்சியின் கையையே பார்ப்போம்.

அந்தச் சமயத்தில் வாசலில் வந்து நின்றார் சூசை. ரங்கூனிலிருந்து நடந்தே வந்த அகதி. தகப்பனார் காலத்தில் இந்தப் பக்கத்திலிருந்து போன குடும்பம். இங்கே இப்போது யாருமில்லை. காலில் துணி சுற்றியிருந்தது. துறைமுகத்தில் கூலி வேலை கிடைத்திருக்கிறது, ஒருவேளைச் சோறு வேண்டும், காசு கொடுத்துவிடுகிறேன் என்றார். காசு இருந்து என்ன, அரிசி இல்லையே. மெஸ்ஸம்மா எங்களைப் பார்த்தார்.

அண்ணாச்சிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஓட்டுப் போடுவோம்! பன்னெண்டு பேரும் மனசு வச்சா பதிமூணாவது இலை விழும். இவரு சாப்பிடக் கூடாதுன்னு சொல்லுதவங்க கை தூக்குங்க" என்றார். ஒரு கைகூட எழாது என்று நம்பித்தான் அப்படிக் கேட்டார்.

எட்டுக் கைகள் எழுந்தன. முதலில் எழுந்த இரண்டு மூன்றில் என்னுடையதும் ஒன்று. எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது, நாலு கரண்டி எனக்கே காணாது. இப்போது எழுதும்போது இந்தக் காரணம் சின்னதாகத் தெரிகிறது. அன்றைக்குப் பெரிதாகத்தான் இருந்தது.

அண்ணாச்சி கைகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். "சரி. மெஜாரிட்டி. ஒத்துக்கிடணும்லா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்று வாளி கீழே இறங்கவேயில்லை.

மறுநாள் மத்தியானம் போனால், மூலையில் பதிமூன்றாவது இலை. சூசை குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

"ஓட்டு என்னவே ஆச்சு?" என்று உப்பாபீஸ் துள்ளினார்.

"ஓட்டு செல்லும். உங்க சோத்துல ஒரு பருக்கை இவரு தொடல. இது என் பங்கு. என் பங்கை நான் காக்காய்க்குப் போடுவேன், மனுசனுக்கும் போடுவேன். சொத்துரிமை! கேக்க ஒரு பயலுக்கு அதிகாரம் கிடையாது."

அப்படியானால் நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நானும்தான்.

இரண்டு வாரம் இருக்கும். அண்ணாச்சியின் கழுத்தெலும்பு சட்டைக்கு வெளியே தெரிய ஆரம்பித்தது. ஒரு மத்தியானம் ரசம் ஊற்ற வந்தவர் மைனாரிட்டி பற்றித் தொடங்கினார். "எண்ணிக்கையில கொறஞ்சவன்னா அவன் வயிறும் சின்னதுன்னு..." என்றவர், வாக்கியத்தை முடிக்காமல் என் இலைக்கு முன்னாலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார். ரசம் என் வேட்டியெல்லாம் கொட்டியது. வாழ்நாளில் முதல் தடவையாக அவர் ஒரு பாடத்தைத் தாமாகவே பாதியில் நிறுத்தினார்.

எங்கள் எல்லாருக்கும் முன்னால் பாய்ந்து வந்து தாங்கிப் பிடித்தவர் உப்பாபீஸ். முகத்தில் தண்ணீர் தெளித்தார். "காலையில என்னவே சாப்பிட்டீரு?"

"பனங்கிழங்கு."

"நேத்து?"

"நேத்தும் அதான். நார்ச்சத்து..."

"வாய மூடும்வே!" என்று உப்பாபீஸ் கத்தினார். எழுந்து நின்று மெஸ்ஸம்மாவிடம், "நாளையிலேருந்து எனக்கு மூணு கரண்டி போதும்" என்றார். "எனக்கும்" என்றேன். பன்னிரண்டு பேரும் சொன்னோம். யாரும் கை தூக்கவில்லை, யாரும் எண்ணவுமில்லை.

ஒருவர் எண்ணினார். தரையில் கண்ணை மூடிக் கிடந்த அண்ணாச்சி. "ஆளுக்கு ஒண்ணுன்னா பன்னெண்டு கரண்டி. இவரு போக இன்னும் ரெண்டு பேருக்குக் காணும். கூட்டிட்டு வரட்டா?"

அத்தனை நேரமும் மூலையில் நின்ற சூசை அப்போதுதான் அழுதார். ரெண்டு பேர் என்ற சொல்தான் அவரை உடைத்திருக்கிறது. ரங்கூனில் மனைவியையும் ஆறு வயது மகளையும் கப்பலில் ஏற்றிவிட்டார். ஆண்களுக்கு இடமில்லை என்று இவரை இறக்கிவிட்டார்கள். காடும் மலையுமாக நடந்து வந்து மெட்ராசில் தேடினார். கிடைக்கவில்லை. "எங்கப்பா ஊரு தூத்துக்குடின்னு அவளுக்குத் தெரியும். எப்படியும் இங்கே வருவாங்கன்னுதான் துறைமுகத்திலே வேலைக்கு நின்னேன்" என்றார்.

அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்துவிட்டார். மயக்கம் போன இடம் தெரியவில்லை. "ஏலே, இங்கன பன்னெண்டு ஆபீசு உக்காந்து சோறு திங்கிது! கப்பல் இருக்கு, தபால் இருக்கு, ரயில் இருக்கு. இத்தனையும் வச்சிக்கிட்டு ஒரு பொம்பளையையும் புள்ளையையும் தேட முடியலன்னா சர்க்கார்னு ஒண்ணு எதுக்குலே?"

என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த ஆபீஸ் வேலை அந்த மூன்று மாதம் செய்ததுதான். வங்காள விரிகுடாவில் எங்கள் ஏஜென்சிக்குத் தெரிந்த எல்லாத் துறைமுகத்துக்கும் எழுதினேன். தபாலாபீஸ்காரர் தனக்குத் தெரிந்த போஸ்ட்மாஸ்டர்களுக்கு எழுதினார். ரயில்வேக்காரர் அகதிகள் இறங்கிய ஸ்டேஷன்களில் விசாரித்தார். உப்பாபீஸ் உப்பு ஏற்றிப் போகும் ஒவ்வொரு தோணிக்காரரிடமும் பெயரைச் சொல்லி அனுப்பினார். மாலையில் அண்ணாச்சி கேட்பார்: "இன்னைக்கு என்ன வந்துது?" ஒன்றுமில்லை என்றால் மோர் ஊற்றாமலே போய்விடுவார். உழைப்பைப் பிரித்துச் செய்வது பற்றி அவர் எடுத்த லெக்சர்களை இங்கே எழுதினால் இந்தப் பத்திரிகை தாங்காது.

விசாகப்பட்டினத்திலிருந்து பதில் வந்தது. அங்கே ஒரு மிஷன் விடுதியில் இருந்தார்கள். தாய்க்குக் காய்ச்சல் கண்டு தேறியிருந்தது. மகள் நன்றாக இருந்தாள்.

அவர்கள் வந்த அன்று மெஸ் முழுவதும் ஸ்டேஷனில். ரயில் மூன்று மணி நேரம் தாமதம். அண்ணாச்சி பிளாட்பாரத்தில் இரண்டு போர்ட்டர்களைப் பிடித்து, ரயில்வேக்கு ஏன் போட்டி கிடையாது என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவர்கள் வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டார்கள். வண்டி வந்தது. சூசை ஓடினார். அந்தப் பெண்குழந்தை அப்பாவின் காலில் இன்னும் சுற்றியிருந்த துணியை முதலில் பார்த்து, பிறகு முகத்தைப் பார்த்தது. திரும்பிப் பார்த்தால் அண்ணாச்சியைக் காணோம். தண்ணீர்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

சூசைக்கு உப்பளத்தில் மேஸ்திரி வேலையை உப்பாபீஸே வாங்கிக் கொடுத்தார். முத்தையாபுரம் பக்கம் ஓர் ஓலைவீடு. குடிபோன முதல் ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சியைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். தனியாகப் போக வெட்கப்பட்டு, என்னைத் துணைக்கு அழைத்துப் போனார்.

இலை போட்டார்கள். அண்ணாச்சி உட்காரவில்லை. நேராக அடுப்படிக்குப் போய்ச் சோற்றுப்பானையில் கை வைத்தார். சூசையின் மனைவி கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு, "அண்ணாச்சி, நீங்க உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தார். எத்தனையோ ஆயிரம் இலைகளுக்குக் குனிந்த மனிதர், ஓர் இலைக்கு முன்னால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் விழித்தார். அந்தச் சிறுமி வந்து சோறு வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவதையும் வைத்தாள். அண்ணாச்சி வாயைத் திறந்தார். ஏதோ பெரிய பாடம் வரப்போகிறது என்று நான் தயாரானேன். ஒன்றும் வரவில்லை. அவர் சாப்பிட ஆரம்பித்தார், மெதுவாக, தலை நிமிராமல்.

குழம்பில் எனக்கு விழுந்தது சீலா மீனின் நடுத்துண்டு. நான் இன்னும் இலையில் கை வைத்திருக்கவில்லை. அதை எடுத்து அவர் இலையில் வைத்தேன்.